வெற்று எடை

படிவம் முதலில் என் பெயரிலேயே சிக்கிக்கொண்டது.
யோகமலர் ஏ/பி சன்னாசி.
சாய்கோடு கூடாதாம். தவறான எழுத்து.
எடுத்தேன். ஏபி மட்டும் நடுவில் நின்றது.
குடும்பப் பெயர் கேட்டது. எங்களுக்கு ஏது?
அப்பாவைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் உட்காரவைத்தேன்.
மறுநாள் வியட்நாமிலிருந்து பதில்:
‘அன்புள்ள செல்வி ஏபி.’

கற்பித்த அனுபவம், ஆண்டுகளில்.
பூஜ்யம் போட்டேன், சிவப்பு எரிந்தது.
காலியாக விட்டேன், அதற்கும் சிவப்பு.
ஒன்று போட்டால் பொய்.
அரை என்று போட்டேன்.
கோமளா அக்கா மகனுக்கு ஆறு மாதம்,
எஸ்.பி.எம். இங்கிலீஷ், சனிக்கிழமைகளில்,
மாதம் நாற்பது ரிங்கிட்.
பையன் தேறவில்லை.
படிவம் அதைக் கேட்கவில்லை.

ஆங்கிலம் உங்கள் பிறப்பு மொழியா?
ஆம். இல்லை.
இரண்டே வட்டம்.
சுட்டி இரண்டுக்கும் நடுவே
ஒரு டீ ஆறும் நேரம் நின்றது.

சிலிம் ரிவர் தாண்டி, செம்பனை மில்லில்,
எடைமேடை அறை. என் மாலை ஷிப்ட்.
வீட்டில் லைன் கிடைக்காது.
இங்கே ஜன்னலோரம் மூன்று கோடு,
மழை வந்தால் இரண்டு.
அங்கே ஆறு மணி, இங்கே ஏழு.
கேமராவுக்குத் தெரியும் பாதிக்கு மட்டும்
இஸ்திரி போட்டிருந்தேன்.

‘எனக்கு ஏழு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்,’
என்றார் கிரெய்க், நரைத்த தாடியை நீவியபடி.
‘பத்து நிமிடம். ஏதாவது சொல்லிக்கொடுங்கள்.’

அட்டையில் வெட்டி வைத்திருந்தேன்:
ஆப்பிள், பூனை, குடை.
ஆப்பிளை உயர்த்தினேன்,
ரொஸ்லியின் லாரி மேடை ஏறியது.
தரை அதிர, குடை மேசைக்கடியில் போனது.
ஹாரன். பின்னால் இன்னும் ஏழு வண்டி.
வேலை போனால் வேலை தேடும் வேலையும் போகும்.

லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
‘திஸ் இஸ் எ லாரி.’
‘டிரக் என்று சொல்வது நல்லது,’
என்றது ஏழு வயது.
எப்படிச் சொன்னாலும்
இருபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.

‘ஹெவி,’ என்றேன்.
‘ஹெவி,’ என்றார் கிரெய்க்.
‘ஹெவி!’ என்றான் ரொஸ்லி,
ஓட்டுநர் கூண்டிலிருந்து தலை நீட்டி,
அவனை யாரும் கேட்காமலே.

குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.
‘லைட்டர்,’ என்றேன். எட்டாயிரத்து நூற்றிருபது.
கழித்தால் பழம்: பதின்மூவாயிரத்து இருநூற்றிருபது.
பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
எந்த லாரிக்கும் வெற்று எடை என்று ஒன்று உண்டு,
அது தெரியாமல் பழத்துக்குக் காசு இல்லை, என்று
விளக்க நினைத்தேன்.
ஏழு வயதுக்கு அது அதிகம்.
எனக்கும்தான். இருபத்து நான்கு வயதில்
எதிலிருந்து எதைக் கழிப்பது?

‘இன்ட்ரஸ்டிங்,’ என்றார் கிரெய்க்.
அந்தச் சொல்லை எந்த மேடையில் ஏற்றுவது
என்று தெரியவில்லை.
படம் உறைந்தது, வாய் திறந்தபடி.
பிறகு கறுப்பு. பிறகு என் முகம்.

மூன்று வாரம். பதில் இல்லை.
ஸ்பேமையும் திறந்து பார்க்கிறேன்,
குளியல் சோப்பு விளம்பரங்களுக்கிடையில்.
அப்பா ஒன்றும் கேட்பதில்லை.
பாஸ்போர்ட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு
அரிசி டின்னுக்கு மேலே வைத்திருக்கிறார்,
எலி எட்டாத உயரத்தில்.

நேற்று ரொஸ்லி சீட்டு வாங்கக் கை நீட்டினான்.
‘டுடே லைட்டர், டீச்சர்.’
திரையைப் பார்த்தேன்.
முந்தின நாளைவிட
அறுநூறு கிலோ கூடுதல்.

எடை தவறு. சொல் சரி.
சீட்டின் மூலையில்,
கணக்குப்பிள்ளை பார்த்தால் திட்டுவார்,
சின்னதாக ஒரு சரிக்குறி போட்டுக் கொடுத்தேன்.