நிழல் விழாத பக்கம்

தீவன அட்டவணை பம்பு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.
மேலே தண்ணீரின் சூடு, இடப்பக்கம் மீனின் எடை.
இரண்டு விரலும் சந்திக்கும் இடத்தில் ஒரு தசமம்:
அவ்வளவுதான் அன்றைய சோறு.

ஜனவரியில் நாலு டிகிரி.
ட்ரவுட்டுகள் தொட்டியடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும்.
ஒரு கை போட்டால் அரைக் கை மிஞ்சும்.
மே மாதம் பதின்மூன்று, பதினாலு.
அப்போது வாளியின் நிழல் விழுந்தால் போதும்,
தொட்டி முழுக்கக் கொதிக்கும், நெருப்பில்லாமல்.
ஒரு கிலோவும் கொஞ்சமும் போட்டால் ஒரு கிலோ மீன் என்ற கணக்கு
அந்த வாரங்களில் மட்டும் பொய்க்காது.

ஜூலை பதினெட்டு.
ஸிம்மே ஆற்றில் பனிநீர் தீர்ந்துவிட்டது.
காலை ஆறு மணிக்கே பதினெட்டரை,
மாலை நாலுக்கு இருபது புள்ளி இரண்டு.
அட்டவணையில் இருபதுக்கு நேரே எண் இல்லை.
வெள்ளைக் கட்டம்.
அச்சுப் பிழை என்றுதான்
வேலைக்கு வந்த கோடையில் நினைத்திருந்தேன்.

ரேகுலா போனில் கேட்கிறாள்: எத்தனை கிராம்?
இருநூற்று எழுபத்தொன்று.
க்ஸ்டாட் ஹோட்டலுக்கு முந்நூறு வேண்டும்,
ஆகஸ்ட் ஒன்று, தேசிய நாள் விருந்து.
கொஞ்சமாவது போடேன், என்கிறாள்.

போடலாம். தின்னும்.
கடைசி உருண்டை வரை தின்னும்.
செரிக்கத்தான் மூச்சு வேண்டும்,
சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே மெலிந்திருக்கும்.
நள்ளிரவில் ஒவ்வொன்றாகப் புரளும்,
வயிறு நிரம்பியபடியே.
போன வருடம், மூன்றாம் தொட்டி.
பேயாட் வலையால் அள்ளினான், நான் எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினோம்,
எண்ணுவதை மட்டும்.

அதனால் பதினொரு நாளாக
காலையில் மேற்குக் கரை, மாலையில் கிழக்குக் கரை.
என் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகவே நடக்கிறேன்.
சாப்பாட்டுப் பெட்டியைக்கூட
கொட்டகைக்குப் பின்னால் வைத்துத் திறக்கிறேன்.
மீனுக்கா ஒளிகிறாய், என்று பேயாட் சிரிக்கிறான்.
ஆமாம்.

இருபத்தொன்பதாம் தேதி இரவு இடி.
தகரக் கூரை தூங்கவிடவில்லை.
விடிந்தபோது பதினாறு டிகிரி.
எடை பார்த்தோம்: இருநூற்று அறுபத்து மூன்று.
ஹோட்டல் வேறெங்கோ வாங்கிக்கொண்டது.
ரேகுலா ஒன்றும் சொல்லவில்லை,
ரசீதுப் புத்தகத்தை மட்டும் ஓசையோடு மூடினாள்.

விரலை இறக்கினேன். தசமம் வந்தது.
முதல் நாளுக்கு அதில் கால்வாசி போதும்.
வாளியோடு கிழக்குக் கரைக்கு வந்து
முதலில் நிழலை மட்டும் விட்டேன்.

எதுவும் வரவில்லை.
நின்றேன்.
பிறகு, நடுத்தொட்டியில், ஒரு வளையம்.