வாதி

வியாழன் இரவு குரியாத்தைத் தாண்டும்போது
பின்சீட்டிலிருந்து நிகரன் கேட்டான்:
"வாதின்னா என்னப்பா?"
இங்கே, மலை பிளந்த இடத்தில் நீர் போகும் தடம்.
நம் பேச்சில், வழக்குப் போட்டவர்.
"அப்ப இந்தத் தண்ணி யார் மேல கேஸ் போட்டிருக்கு?"
பூங்கோதை சிரித்தாள்.
நான் வேகக் கேமராக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூழாங்கல் கரையில் கூடாரம்.
நால்வர் படுக்கலாம் என்றது அட்டைப்பெட்டி;
அந்த நால்வரை நான் சந்தித்ததில்லை.
எலுமிச்சைச் சோறு, கருகிய கோழி, ஒரு கட்டு குபூஸ்.
விடியுமுன் குபூஸை ஆடு தின்றுவிட்டது,
பிளாஸ்டிக் உறையை மட்டும் ஒழுங்காக விட்டுவைத்து.
மழை உண்டா என்று
இரவில் மூன்று முறை கைபேசியைப் பார்த்தேன்.
மலைக்கு அந்தப் பக்கம் பெய்தாலும்
இந்தப் பக்கம் வெள்ளம் வருமாம்.
நான் மதிப்பீட்டாளன். சிமென்ட்டிலிருந்து ஆணி வரை
வரப்போவதை முன்கூட்டியே கணக்கிட்டுச்
சம்பளம் வாங்குகிறவன்.

காலையில் படகு. ஆளுக்கு ஒரு ரியால், இரண்டு நிமிடம்.
படகுக்காரர் போனில் யாரையோ திட்டியபடியே
எங்களை அக்கரை சேர்த்தார்.
பிறகு நடை. பேரீச்சை நிழல், ஃபலஜ் வாய்க்கால்,
நம்ப முடியாமல் நாலு வாழை,
அப்புறம் பாறை, பாறை, வழுக்கும் பாறை.
யாழிசை பச்சை என்றாள், நிகரன் நீலம் என்றான்;
தண்ணீர் இருவருக்கும் தலையாட்டிக்கொண்டு கிடந்தது.

முதல் குளத்தில் கால் வைத்தேன்.
நகமளவு மீன்கள் வந்து என் குதிகாலை
எழுத்துக்கூட்டி வாசித்தன.
மிதவை அங்கி பிள்ளைகளுக்கும் எனக்கும்.
அவள் வேண்டாம் என்றாள்.
கரையிலேயே இருக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.
என் கழுத்தில் தொங்கிய நீர்ப்புகாப் பையில்
கார் சாவி, வதிவிட அட்டை நான்கு, இருபது ரியால்:
குடும்பத்தின் சட்டபூர்வமான பகுதி முழுவதும்
என் மார்பில் மிதந்தது.

கடைசிக் குளத்தின் கோடியில் ஒரு பிளவு.
ஒரு தலை நுழையும் அகலம்.
உள்ளே அருவி இருக்கிறதாம். சத்தம் மட்டும் வெளியே வந்தது,
அழைப்பில்லாத கல்யாணம் போல.

"பிள்ளைங்களைப் பாத்துக்கோ" என்று சொல்லத் திரும்பினேன்.
அதற்குள் அதை அவள் சொல்லிவிட்டாள்.
துப்பட்டா என் தோளில்.
கறுப்பு முழுக்கை நீச்சலுடை. எப்போது வாங்கினாள்?
நீரில் அவள் விழவில்லை. நுழைந்தாள்.
முகம் அமிழ்த்தி, பக்கவாட்டில் மூச்செடுத்து
கை மாற்றிக் கை.

பதினான்கு வருடம்.
மத்ராவில் அலை கணுக்காலைத் தொட்டால்
என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.
அல்லது
பிடித்தது நானா?

"அம்மா செவ்வாய்க்கிழமை நீந்தப் போவாங்களே,"
என்றாள் யாழிசை, பால் தீர்ந்ததைச் சொல்லும் குரலில்.
"நம்ம பில்டிங் மாடில. லேடீஸ் டைம்.
மாரிவிக் ஆன்ட்டிதான் சொல்லித்தந்தாங்க. ரெண்டு வருஷமா."
"எனக்குத் தெரியாதே."
"உங்களுக்கு மாடிக் கதவுக்குச் சாவி இருக்கறதே தெரியாதேப்பா."

பிளவுக்குள் கூந்தல் போனது. பிறகு நீர் மட்டும்.
எண்ணத் தொடங்கினேன், தொழில் பழக்கம்.
நூற்றுப்பத்தில் எண்கள் என்னைக் கைவிட்டன.

அப்போது உள்ளிருந்து ஒரு கூவல்.
சமையலறையிலோ சண்டையிலோ
நான் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல்
அருவியின் இரைச்சலைத் தாண்டி வந்து
பாறைக்குப் பாறை மோதி
எங்கள் மூவர் மேலும் விழுந்தது.
யாழிசை பதிலுக்குக் கூவினாள். நிகரனும்.
நான் பையைத் திறந்து பார்த்தேன்.
அட்டை எதுவும் நனையவில்லை.
அவளுடையதில் வெள்ளைப் பின்புலம்,
சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த முகம்.

வெளியே வந்தாள். மூக்கில் நீர், முழங்கையில் சிராய்ப்பு.
"உள்ள ஒரு கயிறு தொங்குது. ஏறிக் குதிக்கலாம்.
பிள்ளைங்க முதல்ல, நீங்க அடுத்து.
தலைக்குக் கீழ நான் கை குடுக்கறேன்."

பிரதிவாதி தரப்பில் வாய்தா கேட்டேன்.
கேட்டபடியே குனிந்து பார்த்தால்
அங்கியின் மேல் கொக்கி
ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது.