பார்வையாளர் நேரம்

நாலு மணிக்குத்தான் இனி உள்ளே விடுவார்கள்.
அதுவரை எங்கேயாவது போய்த் தொலை என்பதைத்தான்
சிவப்பு மையில் 'பார்வையாளர்' என்று
அட்டையில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
அட்டை சட்டைப்பையில். கையில் காலி பிளாஸ்க்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி
ஆட்டோக்காரர்களின் 'எங்க அண்ணாச்சி' ஓய்ந்த இடத்தில்
நிழல் ஆரம்பித்தது.

பன்னிரண்டு வருஷம் களக்காட்டு வாழைத்தாரோடு
பாளையங்கோட்டையைக் கடந்திருக்கிறேன்,
ராத்திரி ரெண்டு மணிக்கு, மூன்றாவது கியரில்.
இந்தத் தெரு அப்போதெல்லாம்
விளக்குக் கம்பங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு.
பகலில் பார்த்தால் அதற்குள் வீடுகள்.
கேட்டில் நின்று கூப்பிட்டால்
கேட்காத தூரத்தில்.

லாரிக்காரன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?
இந்த வளைவில் பதினாலு டன் திரும்பாது.
இந்தத் தூங்குமூஞ்சிக் கிளை தார்ப்பாயைக் கிழிக்கும்.
இந்த மதில் ஒரு உரசலுக்குத் தாங்காது,
அடுத்தது தாங்கும், கருங்கல்.
அந்தக் கல்லில் எழுதியிருந்தது: எபினேசர் லாட்ஜ், 1911.
பக்கத்து வீட்டில் எழுத்து உதிர்ந்து
'ம் நிவாஸ்' மட்டும் மிச்சம்.
என்ன நிவாஸாக இருக்கும் என்று
ஆனந்தம், சாந்தம், ரத்தினம் எல்லாம் வைத்துப் பார்த்து நிற்கையில்
பின்னால் கேட் திறந்தது.

"பத்தரைக்குல்லா வாரேன்னு சொன்னிய?
வாங்க, வெயில்ல நிக்காதிய."
வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து.
தேவஇரக்கம் என்று பேரைச் சொல்லி
எனக்கு முன்னால் நடந்தார்கள்.
நான் ஆள் இல்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன்தான்.
கால் அதற்குள் படியேறிவிட்டது.

வைகாசி வெயிலை வாசலிலேயே
நிறுத்திவைத்திருந்தது அந்த வீடு.
"பர்மா தேக்கு," என்றார்கள் கதவைக் காட்டி.
தெரிந்தவன் மாதிரி ரெண்டு தட்டுத் தட்டினேன்.
மிதித்து வாசிக்கும் ஆர்கன் பெட்டிமேல்
மின்சார பில்லும் வடாகமும் காய்ந்தன.
சுவரில் படம் கழற்றிய சதுரம்,
மற்ற சுவரைவிட ஒரு வயது இளையதாக.
குளியலறையில் ஆறு கட்டில் போடலாம்.
பதினாலாம் வார்டில் ரெண்டு கட்டிலுக்கு நடுவே
செண்பகவல்லியின் செருப்பை வைக்க இடமில்லை.

"அண்ணன் மவன் மெல்போர்ன்ல இருந்து
வித்துருங்க அத்தைன்னு சொல்லுதான்.
உங்க பார்ட்டி என்ன கொடுப்பாவ?"

கேட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.
"லாரி உள்ள வந்து திரும்பாது," என்றேன்.

முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தார்கள்.
பிளாஸ்கை. செருப்பில்லாத என் குதிகாலை.
சட்டைப்பையில் துருத்திய சிவப்பு எழுத்தை.
"எந்த வார்டு?"
"பதினாலு."
"யாரு?"
"வீட்டுக்காரி. வயித்துல கட்டி."
கோபப்படுவார்கள் என்று நின்றேன்.
பிளாஸ்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.
அடுப்பங்கரை எவ்வளவு தூரமோ,
வர ரொம்ப நேரமாயிற்று.
அதற்குள் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து
ஒரே மூச்சில் நுழைய முடியாமல்
பின்வாங்கி, ஒடித்து, மறுபடி முட்டியது.
உள்ளேயிருந்து இறங்கிய ஆள் கையில் அளவு நாடா.
வெந்நீர் கைக்கு வந்ததும்
அவரைத் தாண்டி வெளியேறினேன்.
யாரென்று அவரும் கேட்கவில்லை.

நாலு பத்து.
மூடியில் ஊற்றி ஊதிக் கொடுத்தேன்.
"கேன்டீன் தண்ணி மாதிரி இல்லையே," என்றாள்.
சொன்னேன். தேக்கு, ஆர்கன், சதுரம், குளியலறை.
எத்தனை ரூம் என்றாள்; எண்ணவில்லை.
எத்தனை ஜன்னல் என்றாள்; அதையும்.
"என்னத்தப் பாத்திய போங்க."
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
பக்கத்துக் கட்டில்காரி எழுந்து பார்க்கிற அளவு.

பிறகு மெதுவாக, காசு வைத்திருப்பவள் குரலில்,
"வாங்கிருவமா?"

"லாரி திரும்பாது, பிள்ளை."

"அப்ப வேண்டாம்," என்று
சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.