பொத்தான், பொத்தான், படம்

எண்பத்து நான்கு ஸ்லைடு செய்தேன்.
ரீகா டிராம் கம்பெனியின் மூன்றாம் மாடியில்,
டாகவா நதி உறைந்துகிடந்த ஜனவரியில்,
ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு.
சட்டத்துக்குப் பதினொன்று.
எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் ஆறு.
கடைசியில் இருபது கேள்வி.
எல்லோரும் நூற்றுக்கு நூறு.
கணக்குப் பிரிவு மோட்ரிஸ்
சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே நூறு.

மறுவாரம் தளத்தில் ஏறிய அறிவிப்பு
வெளிர்சாம்பல் மேல் வெள்ளை எழுத்து.
ஏட்டுச் சுரைக்காயை
எண்பத்து நான்கு துண்டாக நறுக்கினாலும்
அது ஏட்டில்தான் வேகும்.

இரண்டாம் சுற்றில்
எல்லோர் கண்ணையும் கட்டிவிடலாம் என்றிருந்தேன்.
முப்பது கறுப்புத் துணிக்கு ஆர்டரும் போட்டாயிற்று.
விஸ்மா தொலைபேசியில் சிரித்தாள்.
புகார்ப் பிரிவில் ஒன்பது வருஷம் அவள்,
பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது.
"ஐந்து நிமிஷ இருட்டில்
அவர்கள் கற்கப்போவது பயம்.
நானென்ன பயந்துகொண்டா வேலைக்கு வருகிறேன்?
ஏழாம் எண் டிராமில் வருகிறேன்."
பிறகு கேட்டாள்:
"அது சரி, முதல் வகுப்பு எப்போது நடந்தது?"

எல்லோருக்கும் அனுப்பினேனே, என்றேன்.
அஞ்சலைத் தேடி எடுத்து
திரைவாசிப்பானின் குரலை
என் காதுக்குப் பிடித்தாள்.
லாட்விய மொழியில், மூச்சுவிடாமல், அது சொன்னது:
படம். நான்கு நான்கு ஏழு ஒன்று.
அவ்வளவுதான்.
நாள், நேரம், அறை எண்,
அனைவரும் வருக என்று
நான் ஆரஞ்சு நிறத்தில் எழுதி
நிழல்கூட வைத்த வரி,
எல்லாம் அந்த எண்ணுக்குள் கிடந்தன.

துணி ஆர்டரை அன்றே ரத்து செய்தேன்.
அனுப்பும் கூலியைத் திருப்பித் தரவில்லை.

இப்போது வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா.
மவுஸைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.
வாலைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் விழும்.
வேலை ஒன்றே ஒன்று:
நாம் விற்கும் மாதச் சீட்டை
நாமே வாங்க வேண்டும்,
விசைப்பலகையால் மட்டும்.

வடிவமைப்பாளன் ரைதிஸ், போன வருஷம் விருது வாங்கியவன்,
டேப் விசையைப் பதினேழு முறை தட்டினான்.
எங்கே நிற்கிறான் என்று
திரை அவனுக்குச் சொல்லவில்லை.
"சுற்றி ஒரு நீலக்கோடு வருமே, எங்கே போச்சு?"
"அசிங்கமாயிருக்கு, எடுங்கன்னு
நீதானப்பா சொன்னே," என்றது பின்வரிசை.

விஸ்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.
காட்சிப்பொருளாக இல்லை. மணிக்கு இவ்வளவு என்று
பட்ஜெட்டில் அவள் பெயருக்கு ஒரு வரி உண்டு.
அந்த ஒரு வரிக்கு மூன்று கூட்டம் சண்டை.
அவள் கருவி
எங்கள் காது எட்டாத வேகத்தில் ஓடுகிறது,
எங்களுக்காக அதன் நடையைக் குறைக்கிறாள்:
பொத்தான். பொத்தான். படம். பொத்தான்.
"இதில் பணம் கட்டுவது எது?" என்கிறாள்.
யாருக்கும் தெரியவில்லை.
செய்தவனுக்கும்.

முடிவில் கேள்வித்தாள் கிடையாது.
உன் மேசையில், உன் கோப்பில்,
ஒன்றைச் சரிசெய்து காட்டினால்
மவுஸ் திரும்பக் கிடைக்கும்.
மோட்ரிஸ் ஓர் அட்டவணைக்குத்
தலைப்பு வரிசை வைக்க நாற்பது நிமிஷம் பிடித்தது.
சாண்ட்விச் ஓரம் காய்ந்து சுருண்டது.

மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.
சீட்டுப் பக்கத்தில் பாதிதான் தேறியிருக்கிறது.
போன செவ்வாய் மேலாளர் அனுப்பிய
ஈஸ்டர் வாழ்த்து, மறுபடியும், ஒரு படம்.
முயல், முட்டை, நான்கு வரி, கையெழுத்து.

இரண்டு நிமிஷத்தில்
எல்லோருக்கும் போகும்படி ஒரு பதில் வந்தது,
மோட்ரிஸிடமிருந்து:
"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.
அது மேலாளருக்கும் தெரியும்.