இரண்டு விநாடி

அக்கராயனுக்குக் கரண்ட் வராத காலத்தில் எழுதியது.
ஒரு மூடி பெற்றோலும் மிச்சத்துக்கு மண்ணெண்ணெயும் குடித்து
இருமும் ஒரு ஜெனரேற்றர்.
எழுதிக்கொண்டிருக்கும்போதே மின் நின்றால்
அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து
அங்கிருந்து தொடர்கிற சின்ன நிரல்.
எண்ணூற்றுப் பதினாறு வரி.

கிளிநொச்சியில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில்
நிமிடக் கணக்கில் காசு கொடுத்து ஏற்றினேன்.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம்,
கெட்டால் என்னைக் கேட்கக் கூடாது
என்று தலைப்பில் எழுதி வைத்தேன்.
கடைசி வசனத்தை இன்றுவரை ஒருவரும் வாசிக்கவில்லை.

எடுத்தார்கள்.
கரண்டே போகாத ஊர்களில் எடுத்தார்கள்.
ஒரு வங்கி, ஒரு கப்பல் கம்பனி,
பெர்கனில் மீன் நிறுக்கிற ஒரு யந்திரம்.
முதல் திருத்தம் அங்கிருந்துதான் வந்தது.
ஒரு காற்புள்ளி. அனுப்பியவர் யொஸ்டைன்.
அந்தக் காற்புள்ளிக்காக அன்றைக்கு நான்
சந்திக்கடை முழுக்கத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்திருப்பன்.

பிறகு வந்தவை காற்புள்ளிகள் அல்ல.
'அவசரம்' என்று எழுதுகிறவனுக்கு
என் மாடு பக்கத்து வயலுக்குள் இறங்கினது தெரியாது.
'ஏலாது' என்று சொல்லப் பழக ஏழு வருசம்.
காரணத்தோடு சொல்ல இன்னும் நாலு.
ஒருவன் முழுவதையும் பிரதியெடுத்து
வேறு பெயர் வைத்துக்கொண்டு தனியே போனான்.
ஒரு மாதம் மனதுக்குள் அவனோடு சண்டை.
அவன் செய்தது நல்லாயிருந்தது, அதுதான் பிரச்சினை.
ஒரு இரவு அதில் இரண்டு பகுதியைக் களவெடுத்தேன்.
களவென்று சொல்ல முடியாது,
உரிமத்தை எழுதியவனே நான்.

சிறுபோகக் கூட்டத்தில் முறைத்தண்ணிக்கு அடிபடுகிறார்கள்.
துலுசடியில் இருக்கிறவருக்குக் குறையே இல்லை,
கடைசி வாய்க்கால்காரர் கதிரையைத் தூக்கிவிட்டார்.
பின்வரிசையில் இருந்து சிரித்துவிட்டேன்.
"என்ன இளிப்பு?" என்றா நாகேஸ்வரியக்கா.
"இதே மாதிரி எனக்கு நூற்றிப் பதினாலு முறைப்பாடு
தீராமல் கிடக்கு."
"உனக்கு எத்தினை ஏக்கர்?"

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில்
யாரோ ஒருவர் கேட்டிருந்தார்:
'இந்தத் திட்டம் செத்துவிட்டதா?
ஐந்து மாதமாக ஒரு பதிலும் இல்லை.'
மூன்று பேர் கீழே ஆமோதித்திருந்தார்கள்.
நான் அதை வாசித்தது அடுத்த வருசம் ஆவணியில்,
வவுனியாவில், ஒரு இரவல் கணினியில்.
நீளமாக எழுதினேன்.
அழித்தேன்.
'இல்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.'
கேள்வியை மூடினேன்.

இன்றைக்கு, சமர்க்கண்டிலிருந்து, தில்னோசா.
முகம் தெரியாது.
மூன்று வருசமாக என்னிலும் பார்க்க வடிவாகத் திருத்துகிறாள்,
சாவியில் ஒன்று அவளிடம்.
'நானூற்றி ஆறாம் வரியில்
நிரல் இரண்டு விநாடி சும்மா நிற்கிறது.
ஏனென்று எங்கும் எழுதப்படவில்லை.
எடுத்துப் பார்த்தேன். சோதனை எல்லாம் தேறுகிறது.'

ஜெனரேற்றர் பிடிக்கிறதுக்கான நேரம் அது.
கயிற்றை இழுக்க, ஒருதரம் தவறி,
பல்ப் சிவந்து, நடுங்கி,
வெளுக்கும் வரைக்கும்.
கயிறு இழுக்கிறது எப்போதும் சிவகடாட்சம்.
"இப்ப எழுது" என்று பின்வளவிலிருந்து கத்துவான்.

காரணத்தை எழுதத் தொடங்கினேன்.
நிரலுக்கு அது தேவையில்லை.
'சரி, எடுங்கோ' என்று போட்டு
ஒப்புதலை அமத்தினேன்.
பெர்கனில் மீன் இனி இரண்டு விநாடி முந்தி நிறுபடும்.

பிறகு பங்களித்தோர் பட்டியலைத் திறந்து
யொஸ்டைனுக்கு மேலே
சிவகடாட்சம் என்று சேர்த்தேன்.
ஒரு வரியும் எழுதாதவன்.
தில்னோசா யாரென்று கேட்டால்
பார்ப்பம்.