வெள்ளோட்டம்

லா ஸ்பேசியாவில் நான் பல் வார்ப்பவன்.
முப்பத்தொரு வருடம்
யார் யாருடைய கடைவாய்க்கோ
உலோகம் உருக்கியிருக்கிறேன்.
சந்தையில் என்னை ஏமாற்ற முடியாது.
வெண்கலமா வெறும் முலாமா என்று
நகத்தால் சுண்டினாலே
காது சொல்லிவிடும்.

போர்க்கப்பல் பதக்கங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு.
கப்பல் நீரில் இறங்கும் நாளில்
அதிகாரிகளுக்கும், போத்தல் உடைத்த சீமாட்டிக்கும்
பட்டுப் பெட்டியில் கொடுத்தவை.
எந்தக் கப்பலிலும் நான் ஏறியதில்லை.
குளியல் தொட்டி ததும்பினாலே
எனக்குக் குமட்டும்.

இழுப்பறைகளில் அடுக்கியிருப்பது
இறங்கிய தேதிப்படி அல்ல,
முடிந்த தேதிப்படி:
மூழ்கியது, பாறையில் மோதியது,
பேரீச்சம்பழத்துக்குப் போடுவதுபோல்
பழைய இரும்புக்குப் போனது.
கல்லறைத் தோட்டம் என்பாள் மனைவி இல்தெகார்தா.
அந்த அலமாரியை மட்டும் துடைக்க மாட்டாள்.

மார்ச் மாத ஞாயிறு.
ஒரேஸ்தே ஸ்கார்பா விரித்த கடையில்
தகரக் கரண்டிகளுக்கு அடியில்
சாம்பல் நிறத்தில் ஒன்று.
சுண்டினேன். மணியோசை இல்லை,
சொத்தைப் பல் மாதிரி ஒரு 'டொக்'.
துத்தநாகம்.
வெண்கலமெல்லாம் குண்டுக்குப் போன காலம்.
ஒரு பக்கம் நாசகாரிக் கப்பல்
நுரையைக் கிழித்துக்கொண்டு.
மறுபக்கம் ஒரு பல்லி.
விளிம்பைச் சுற்றி எழுத்து:
வாலை விடுவேன், வழியை விடேன்.
பெயர் லுச்செர்த்தோலா.
இறங்கிய நாள்
1943 செப்டம்பர் 19.

எந்தப் பட்டியலிலும் அது இல்லை.
மூன்று வாரம் கழித்து, ஆவணக் காப்பகத்தில்
தும்மிக்கொண்டே ஒரு குமாஸ்தா
கோப்பைத் தள்ளினார்.
பதக்கம் ஆகஸ்டிலேயே அடித்தாயிற்று.
செப்டம்பர் எட்டு மாலை
வானொலி போர்நிறுத்தம் என்றது.
ஒன்பதாம் தேதி ஜெர்மானியர் வந்தார்கள்.
பத்தொன்பதாம் தேதிக்கு
யாரும் யாரையும் அழைக்கவில்லை.
புகைபோக்கிகூட வைக்காததை
சாய்தளத்திலேயே வெட்டி
ரயிலில் ஏற்றினார்கள்,
அடிவயிறு நனையாமல்.

"நடக்காத கல்யாணத்தின் பத்திரிகை,"
என்று சிரித்தார் ஸ்கார்பா.
பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வாராம்.

எந்த இழுப்பறையில் வைப்பது?
தொடங்காததற்கு முடிந்த தேதி ஏது?
மேசையில் கிடந்தது. சட்டைப் பையில் கிடந்தது.
ஒருநாள் காபிக்கு
சில்லறையோடு சேர்த்து நீட்டிவிட்டேன்.
ஃபியாமெத்தா அதை மட்டும்
விரலால் திருப்பித் தள்ளினாள்:
"இது செல்லாது, டாக்டர்."
நான் டாக்டர் இல்லை.
திருத்தவில்லை. அவள் சொன்ன மற்றதுதான்
உறுத்திக்கொண்டே இருந்தது.

தெருவைக் கடந்தால் படகுத்துறை.
போர்த்தோவேனெரேவுக்கு ஒரு சீட்டு.
"போய்வரவா, போக மட்டுமா?"
போக மட்டும் என்றேன்,
திரும்பிப் பேருந்தில் வரலாம் என்ற கோழைத்தனத்தில்.

அலைதடுப்பைத் தாண்டும் வரை சரி.
அப்புறம் அடிவானம்
ஆட்டுக்கல் குழவி போல் சுழன்றது.
கம்பிமேல் குனிந்தேன்.
வலக்கை வாயருகே. இடக்கை பைக்குள்,
பல்லியின் முதுகை அழுத்தியபடி.
ஒரு ஜெர்மன் சுற்றுலாக்காரி
கைக்குட்டையில் எலுமிச்சைத் துண்டு கொடுத்தாள்.
நல்ல பெண். இருபது வயதிருக்கும்.
அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டை எழுதினேன்.
லுச்செர்த்தோலா. துத்தநாகம். 38 கிராம்.
நீரில் இறங்கியது: ஏப்ரல் 27, முற்பகல் 11.20.
கடல்: சாந்தம், மற்றவர்களுக்கு.
சேதம்: ஒரு காலைச் சாப்பாடு.

முடிந்த தேதிக்கான கட்டத்தை
இல்தெகார்தா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
வெறும் சோறு இருந்தால் போதும் என்றேன்.