வகை: கார் / ஜீப் / வேன்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, நாலாம் பாதை.
லாரிக்கு அண்ணாந்து, காருக்கு நேராக:
இரண்டே பார்வைதான் இந்த ஜன்னலுக்கு.
அன்றைக்குக் குனிந்தேன்.

மல்கோவாக் காயின் பச்சையில்
கூரையில்லாத கார். ஒரு வழுக்கைத் தலை.
பக்கத்து இருக்கையில்
துண்டால் கட்டி உட்காரவைத்த மாம்பழக் கூடை.
முன்கண்ணாடியை பானெட்மேல் மடக்கிப் போட்டிருந்ததில்
ஃபாஸ்டேக் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.
கருவி படிக்கவில்லை.

"எம்.ஜி., ஐம்பத்தொன்று மாடல்" என்றார்
வாணியம்பாடி பல் டாக்டர் இம்தியாஸ்.
பின்னால் நின்ற லாரியின் கிளீனர் மாதேஷ்
இறங்கி வந்து எழுத்துக்கூட்டினான்:
"ஆர் எங்க சார், உதிர்ந்துடுச்சா?"

ஆறு வருஷமாம். கார்புரேட்டர் லண்டனிலிருந்து,
கம்பிச் சக்கரம் எங்கிருந்தோ,
தோல் மட்டும் ஆம்பூர்.
எல்லாம் அசல் என்று சொல்லி முடிக்குமுன்
அணைப் பக்கமிருந்து வந்துவிட்டது மழை.

கண்ணாடியை நிமிர்த்தினார்.
உடனே படித்துவிட்டது கருவி; கட்டை தூக்கிக்கொண்டது.
இனி ஹாரன்தான், மாரண்டஹள்ளிவரை கேட்கிற மாதிரி.

கித்தானின் ஒரு முனை மாதேஷ், ஒரு முனை நான்.
பத்துப் பொத்தான் பட்டுப்பட்டென்று விழுந்தன.
பதினொன்றாவது இடத்தில் வெறும் ஓட்டை.
"அது மட்டும் கிடைக்கல"
என்றார், மழையைப் பார்த்து.

துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.
நாலு ஊக்கு ஒரு ரூபாய்.

பச்சை போய்விட்டது.
திரையில் மட்டும் நின்றது:
கார் / ஜீப் / வேன்.
ஷிப்ட் முடியும்வரை
தோளில் நிற்கவேயில்லை துப்பட்டா.